கஸ்பாருக்கு எழுதிய பாட்டு

சவேரியார்துறையில் கஸ்பார் மாஸ்டருக்கு முப்பதாம் நாள் பூசை வைத்து முடித்த பிறகு வந்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும், பூட்டிக் கிடந்த பங்கு மண்டபத்துக்குள்ளிருந்து பியானோ தானாக வாசிக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் அரை மைல் தள்ளிக் கடற்கரையில் ஏலம் கூறிக்கொண்டிருந்த லூக்காஸ், சீலா மீனைத் தூக்கிப் பிடித்த கையை இறக்காமலே, விலை சொல்வதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

யாரும் வாங்காத ஒரு மீன் தன்னைத் தானே விலை பேசிக்கொள்கிற பாட்டு அது. நாலு நிமிடம் போல நீடித்தது. கூடைக்காரிகள் கூடைகளைக் கீழே வைத்தார்கள், குடல் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள்கூடத் தலையைத் தூக்கின என்று பிறகு சொன்னார்கள், காற்று பியானோவின் ஒலியை மண்டபத்திலிருந்து கரைவரை ஒரு துளி சிந்தாமல் சுமந்து வந்தது. கடைசிச் சுரம் அடங்கியதும், விட்ட விலையிலிருந்து தொடர லூக்காஸ் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டவுன் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை புதுத் தொண்டை மாதிரி இருக்கிறது, உள்ளே குரல் மட்டும்தான் இல்லை என்றார்.

மூன்றாம் நாளே ஏலம் விரல்களால் நடக்கத் தொடங்கியது. "முன்னே அவரு கத்துத கத்துல ஒண்ணும் விளங்காது, இப்பதான் விலை தெளிவாக் கேக்குது" என்று கூடைக்காரிகள் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

ஊரே கடலைப் பார்த்துக்கொண்டு லூக்காஸைப் பற்றிப் பேசிய அந்த வாரத்தில், மாஸ்டரின் ஒத்திகைகளுக்குப் பியானோ வாசித்த எமரென்சியா மட்டும் வீட்டுக்குள் தன் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விரல்களைக் குழந்தையின் முதுகில் மெல்ல ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பாட்டின் பியானோப் பகுதி அவளுக்கு மனப்பாடம். அதை முந்நூறு தடவையாவது வாசித்திருப்பாள். பாடுகிற குரலை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மாஸ்டர் எழுதிய பாட்டுகள் அப்படிப்பட்டவை. தமிழ் வார்த்தை, துணைக்குப் பியானோ, பாடுவதற்கு ஒரே ஒரு தொண்டை. கோயிலுக்கும் ஆகாது, கல்யாண வீட்டுக்கும் ஆகாது, வேறு எதுக்குத்தான் ஆகும் என்று ஊர் கேட்டது. மாஸ்டர் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் சுற்றி, யாராவது ஒருவரின் பேச்சில் மனம் போய் விழுந்துவிட்டால் மாதக்கணக்கில் அவர் பின்னாலேயே அலைவார். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், கோபம் வந்தால் குரல் எந்த இடத்தில் கீறுகிறது, பொய் சொல்லும்போது எந்த இடத்தில் மெலிகிறது என்று கவனித்து, அந்தத் தொண்டைக்கு அளவெடுத்துச் சட்டை தைத்த மாதிரி ஒரு பாட்டு எழுதி, மேலே அந்த ஆளின் பெயரைப் போட்டு, அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். "உங்களுக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கேன். நீங்க வந்து பாடினாத்தான் உண்டு. வேற யாருக்கும் இது சேராது."

லூக்காஸ் சிரித்தார். குழாயடி ரெஜினாள், "எனக்குச் சண்டை போடவே தொண்டை போதல மாஸ்டர்" என்றாள். உபதேசியார் மரியாகு, அடுத்த பெருநாள் கழியட்டும் என்றார், அதுக்கடுத்த பெருநாள் கழியட்டும் என்றார். இப்படி ஏழு பேர். ஏழு பேருக்கும் நேரம் இல்லை.

ஆனாலும் தினமும் சாயங்காலம் மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. உப்புக்காற்றில் மரம் ஊதி, இடது கோடியில் ஒரு கட்டை அமுக்கினாலும் ஒலிக்காமல் செத்துப்போய், கரையான் வராமல் இருக்க உள்ளே கற்பூரம் கட்டிப் போட்டிருந்த அந்தப் பழைய பியானோவின் முன்னால் எமரென்சியா உட்கார்ந்து வாசிப்பாள். கான்வென்டில் ஒன்பதாவது படிக்கும்போது பாடற்குழுவிலிருந்து அவளை விலக்கியது சிஸ்டர் தெயோதாத்தா. "உன் குரல் தகர டப்பாவில் சரளைக்கல் போட்டு ஆட்டினது மாதிரி இருக்கு. பிஷப் வரும் அன்னிக்கு வரிசையில் நில்லு, ஆனா வாயை மட்டும் அசை." அவள் வாயை மட்டும் அசைத்தாள், மூன்று வருஷம். விரல்களைப் பார்த்து மாஸ்டர்தான் அவளைப் பியானோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் தன் எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதைப் பார்த்து உட்கார்ந்து, அவள் வாசிக்க வாசிக்க யாருமில்லாத இடத்தில் தலையை ஆட்டுவார். நடுவில் நிறுத்தச் சொல்வார். "லூக்காஸுக்கு இன்னிக்குச் சளி. அரைக்கட்டை இறக்கு."

"லூக்காஸ் அண்ணன் எங்க மாஸ்டர் வந்திருக்காவ?"

"வரும்போது சளியோட வந்தா என்ன செய்வே? பாடுறவங்களுக்கு எட்டலைன்னா பாட்டை இறக்கு. பாட்டு பெரிசில்லை எமரென்சி, தொண்டைதான் பெரிசு."

அப்படித்தான் அவள் கற்றுக்கொண்டாள், எந்தப் பாட்டையும் காகிதத்தைப் பார்க்காமலே எந்தக் கட்டைக்கும் இழுத்துக்கொண்டு போக. கல்யாணம் ஆகி, கப்பலுக்குப் போன புருஷன் சில்வேரியஸ் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் வந்து, "ஒண்ணும் பேச வேண்டாம், அந்தத் தகரக் குரல்ல நாலு திட்டு திட்டு, அது போதும் எனக்கு" என்று சொல்ல, வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாதம்வரை ஒத்திகைக்குப் போனாள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் ஏழு பேருக்குப் பாட்டு எழுதிய மாஸ்டர், பத்து வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டாம் மாதம் முதல் வெள்ளி, ரெஜினாள் குழாயடியில் குடத்தோடு பாடினாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் விழுந்த அமைதி தாங்காமல், அவளோடு இருபது வருஷம் சண்டை போட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் வாசலுக்குப் போய், அவளாவது கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று வாயார ஏசிவிட்டு வந்தார்கள். மூன்றாம் மாதம், வெள்ளிப் பூசையில் வாசகம் வாசித்துக்கொண்டிருந்த உபதேசியார். அதற்குள் எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. பங்குச் சாமியார் பியானோ முக்காலியின் பலகையைத் திறந்து பார்த்தபோது உள்ளே எட்டுப் பாட்டுகள் இருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர் இருந்தது. நாலாவது பெயருக்குரிய சங்கு வியாபாரி தொம்மை, முந்தின நாளே பஸ் ஏறிச் சென்னைக்கு ஓடினார். அங்கிருந்து இன்னும் தூரம் போக எழும்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றபடி பாடினார், பின்னால் நின்றவர்கள் பியானோச் சத்தத்தையும் கேட்டார்கள். ஐந்தாவது பாட்டின் காகிதத்தை எரித்துப் பார்த்தார்கள். அந்த வெள்ளி பாடியவளின் மூச்சில் புகை வாசம் அடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பியானோ மூடியில் ஆணி அடித்தார்கள். ஆணி அடித்த மூடிக்குள்ளிருந்து வாசித்தது.

பிறகு ஊர் தடுப்பதை விட்டுவிட்டு மரியாதை செய்யத் தொடங்கியது. பாடினவர்கள் என்று ஒரு பெயர் வந்தது. கோயிலில் பாடினவர்களுக்கு முன்பெஞ்சு, சப்பரம் தூக்கும்போது முதல் தோள், பேச்சுக்குப் பதில் எழுதிக்காட்ட ஆளுக்கொரு சிலேட்டு. முதல் வெள்ளியில் யாரும் கல்யாணம் வைக்கவில்லை. மணி அடிக்கிற நேரம் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். இன்றைக்கு யார் என்று தெரிந்திருந்தாலும் அவரவர் கை அவரவர் தொண்டையைத் தடவிக்கொண்டது. மாஸ்டர் தட்டிய கதவுகளைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஏழாவது பாட்டு முடிந்ததும் ஊர் மூச்சு விட்டது. எட்டாவது காகிதத்தில் இருந்தது மாஸ்டரின் பெயரேதான், 'கஸ்பாருக்கு'. அவரே தனக்கு எழுதிக்கொண்டது. அந்த ஆள் மண்ணுக்குள் இருக்கிறார், பாடுவதானால் அங்கேயே பாடிக்கொள்ளட்டும் என்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, சில்வேரியஸின் அக்காள் பிலோமி கால்களை நீட்டிப் போட்டு உட்கார்ந்து, குழந்தையை அதில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஏழு மாதம் நிறைந்து சில நாட்கள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம் என்று மட்டும் ஆரம்பித்து, அடுத்தது என்ன என்று மறந்த மாதிரி விழிப்பான்.

"ஏலே கஸ்பாரு, கண்ணை மூடு, சோப்பு போவும்."

துண்டோடு நின்ற எமரென்சியா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்தாள்.

"மைனி. அந்த எட்டாவது காயிதத்துல யாரு பேரு இருந்துச்சு?"

"மாஸ்டர் பேருதான். ஏன்?"

"மாஸ்டர் பேரு இப்ப யாருகிட்ட இருக்கு?"

பிலோமியின் கை குழந்தையின் தலையில் நின்றது. நுரை அவள் முழங்கால் வழியாக இறங்கித் தரையில் வட்டமாகத் தேங்கியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செத்து முப்பது நாளுக்குள் பங்கில் பிறக்கிற முதல் ஆண்பிள்ளை அவர் பெயரை வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் இல்லாத பெயர் தெருவில் அலையக் கூடாது. மாஸ்டர் அடக்கம் நடந்த பத்தாம் நாள் எமரென்சியாவுக்குப் பிள்ளை பிறந்தது. மனைவி மக்கள் இல்லாத மனுஷன், என் பிள்ளையாவது அவர் பெயரைக் கொண்டுபோகட்டும் என்று, அவர் விட்டுப்போன குடையை எடுத்து வைத்துக்கொள்வதுபோல, அவள்தான் ஆசையாக அதை வாங்கிக்கொண்டாள்.

பங்குச் சாமியாரிடம் போனாள். பெயரை மாற்றிக் கொடுங்கள் என்றாள்.

"எழுதின மையை அழிச்சிடலாம்மா. ஞானஸ்நானத்துல ஊத்தின தண்ணியை எப்படித் திருப்பி எடுக்க?" என்றார் அவர். அவள் கண்ணைப் பார்க்காமல் மேசை இழுப்பறையைத் திறந்து, மண்டபத்துச் சாவியை எடுத்து நீட்டினார். "பூட்டினாலும் வாசிக்குது, திறந்தாலும் வாசிக்குது. இது உங்கிட்டயே இருக்கட்டும். வேற என்ன குடுக்கன்னு எனக்குத் தெரியல."

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அன்று மாலையிலிருந்தே பெண்கள் தட்டோடு வரத் தொடங்கினார்கள், குல்லா, கம்பளிக் காலுறை, சின்னதாக ஒரு சிலேட்டு. எட்டு மாசத்தில் முன்பெஞ்சு யாருக்குக் கிடைக்கும் என்று கன்னத்தைக் கிள்ளினார்கள்.

"பேசிப் பேசி நாம என்னத்தக் கண்டோம், சொல்லு? பேசாத பிள்ளை வீட்டுக்கு நல்லது" என்றாள் எதிர்வீட்டுத் தெரசம்மாள்.

"அவன் இன்னும் அம்மான்னுகூடச் சொல்லலியே அக்கா."

"அதான் நல்லதுங்கேன். தெரியாதது போனா வலிக்காது." பிறகு குரலை இறக்கி, "உனக்கு ஒண்ணு எழுதித் தரலைன்னு வயித்தெரிச்சலா, எமரென்சி?"

பிலோமி விளக்குமாற்றை எடுத்தாள். "தட்டை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு, தெரசு. சிலேட்டையும் சேத்து எடுத்துக்க. ஒம் பேரனுக்கு ஆவும்."

தெரசம்மாள் போன பிறகு எமரென்சியா வாசல் கதவைச் சாத்தினாள். அந்தக் கேள்வியில் ஒரு ஓரம் உண்மையாக இருந்தது, அதுதான் அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

நாட்கள் குறையக் குறையக் குழந்தை தூக்கத்தில் முனகத் தொடங்கினான். முதலில் இரண்டு சுரம், பிறகு நாலு. அவளுக்குத் தெரிந்த சுரங்கள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டால், வெகு ஆழத்தில், மூடிய அறைக்குள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதுபோல ஒரு சத்தம். பகலில் அவன் அழுதால் அவள் உடனே தூக்கவில்லை. அழட்டும் என்று நின்று கேட்டாள், பஞ்சம் வரும் என்று தெரிந்தவள் தானியம் சேர்ப்பதுபோல ஒவ்வொரு அழுகையையும் காதுக்குள் சேர்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் லூக்காஸ் வந்தார். பாடினவர்களில் முதலாமவர் வீடு தேடி வந்தது பெரிய கௌரவம் என்று தெருவே எட்டிப் பார்த்தது. அவர் உட்காரவில்லை. குழந்தையின் தொண்டையில் ஒரு விரலை வைத்து, கண்ணை மூடி, அது அதிர்வதை வெகுநேரம் கேட்டார். பிறகு தன் சிலேட்டில் எழுதி, தெருவுக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு மட்டும் காண்பித்தார்.

'குடுத்திராத.'

எழுதியதை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் வெள்ளி சாயங்காலம், எல்லாரும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றபோது, எமரென்சியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவின் நடுவே நடந்து மண்டபத்துக்குப் போனாள். பிலோமி ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, அம்மிக்குழவியையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே இருந்தாலும் பாடத்தானே போகிறான் என்று இருந்தார்கள்.

மூடியில் அடித்திருந்த ஆணிகளைப் பிலோமி அம்மிக்குழவியால் தட்டிப் பெயர்த்து மூடியைத் திறந்தாள். பாயைப் பியானோவின் மிதிகட்டைப் பக்கத்தில் விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். எதிரே மாஸ்டரின் நாற்காலியும், அதற்கு எதிரே அந்தக் காலி நாற்காலியும் போட்டது போட்டபடி இருந்தன. காலி நாற்காலியில் தூசி படிந்திருந்தது. மாஸ்டரின் நாற்காலியில் இல்லை.

"மைனி, என்ன நடந்தாலும் பிள்ளையைத் தூக்காதீங்க. அவன் அழுதா அழட்டும்."

"நீ என்ன செய்யப் போற, எம்மா?"

"பாட்டை இறக்கப் போறேன்."

மணி அடித்து ஓய்ந்தது. கட்டைகள் தாமாக அமுங்கத் தொடங்கின, எட்டாவது பாட்டு, அவள் கடைசியாக ஒத்திகை பார்த்தது, மேல்கட்டையில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஆரம்பிப்பது. பாயில் குழந்தை கண்ணைத் திறந்தான். அவன் வாய் வட்டமாகத் திறந்தது, அதிலிருந்து எட்டு மாதப் பிள்ளைக்கு உரியதல்லாத, வெள்ளிக் கம்பி போன்ற ஒரு சுரம் புறப்பட்டு வந்தது.

எமரென்சியா தன் விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தாள். அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. குளிர்ந்த, நகம் வெட்டிய, அவளுக்குப் பழக்கமான விரல்கள். அவள் அவற்றைத் தள்ளிவிடவில்லை. மேலேயே கையை வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடக்கப் பயப்படுகிற வயசாளியைக் கூட்டிப் போவதுபோல, அரைக்கட்டை கீழே கூட்டிக்கொண்டு வந்தாள்.

விரல்கள் எதிர்த்தன. மறுபடி மேலே ஏறின. "அவனுக்கு எட்டாது மாஸ்டர்" என்றாள் அவள், சத்தமாக, அந்தத் தகரக் குரலில். "தொண்டைதான் பெரிசுன்னு நீங்கதான் சொன்னிய. இறக்குங்க."

ஒரு கட்டை இறங்கியது. இரண்டு, மூன்று. குழந்தையின் குரல் பாட்டைத் தொடர்ந்து கீழே வந்தது, ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குவதுபோல வந்தது, ஐந்தாவது கட்டையில் பிடி நழுவிற்று, வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. பாட்டு அவனை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் வேறு தொண்டையைத் தேடுவதை அவளால் பிடரியில் உணர முடிந்தது. அவள் இன்னும் இறக்கினாள், பெண்கள் பாடாத இடத்துக்கு, பிஷப் வரும் நாளில் மறைத்து வைக்கிற இடத்துக்கு, இடது கோடியில் அந்தச் செத்த கட்டை இருக்கிற இடத்துக்கு. பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க, அதன் முதல் சுரம் அங்கே போய் விழுந்தது. கட்டை அமுங்கியது. சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் எமரென்சியா வாயைத் திறந்தாள்.

யாரும் கேட்காத வீட்டுக்குள்ளே
நான் வந்து நிற்கிறேன், கதவே,
ஒருவர் பாடும்வரைக்கும்
உட்காரமாட்டேன், உட்காரமாட்டேன்.

வாசல்களில் நின்ற ஊர், தகர டப்பாவில் சரளைக்கல் உருள்கிற குரல் ஒன்று பாடுவதைக் கேட்டது. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. குரல் கீறுகிற இடத்தில் எல்லாம் பாட்டும் கீறிக்கொடுத்தது, அவள் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் எல்லாம் பாட்டு நின்று காத்தது, எல்லாமே அளவாக இருந்தது. பத்து வருஷம் யாருமில்லாத நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிய மனுஷன், அதற்கு இந்தப் பக்கம் இருந்தவளின் பேச்சையும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்குப் பாதிப் பாட்டில் தோன்றியது. கதவு தட்டாமல் விட்டது அவள் ஒருத்தியிடம் மட்டும் மறுப்பைக் கேட்கப் பயந்துதானோ என்றும் தோன்றியது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் குரலுக்கு நாலு வரிதான் மிச்சம் இருந்தது. அதைப் பாடிவிட்டாள்.

கட்டைகள் ஓய்ந்தன. மாஸ்டரின் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது, யாரோ கடைசியில் உட்கார்ந்த மாதிரி.

அப்போது பாயில் கிடந்த கஸ்பார் வீறிட்டான். சுரமும் இல்லை, கட்டையும் இல்லை. பசித்த, பயந்த, மூக்கு ஒழுகுகிற, காது கிழிகிற அழுகை. பிலோமி பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளும் சேர்ந்து அழுதாள். "நல்லா அழு எஞ் சாமி. ஊரு காது செவிடாவட்டும். எமரென்சி, பாரு, எப்படிக் கத்துதான் பாரு!"

எமரென்சியா பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

முன்பெஞ்சில் அவள் உட்காரவில்லை. லூக்காஸும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னால் வந்துவிட்டார். போன் வருகிற நாளில் பிலோமி பேசுவாள், எமரென்சியா ரிசீவரில் நகத்தால் தட்டுவாள், மறுமுனையில் சில்வேரியஸ், "திட்டுதியா?" என்பான். ஒரு தட்டு. "நல்லாத் திட்டு" என்பான். முதல் வெள்ளிகள் வெறும் வெள்ளிகளாகக் கழிந்தன. இருந்தும் மணி அடிக்கும்போது ஊர் இன்றுவரை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறது, யாருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளையின் பத்தாம் மாதத்தில் ஒரு மத்தியானம், குழந்தை தூளியில் சிணுங்கினான். அவள் ஓடிப்போய்க் குனிந்தாள். தாலாட்ட வாய் திறந்தாள். வராது என்று தெரிந்தும் திறந்துவிட்டாள். மூடப் போனவளுக்கு, வெள்ளைச் சேலையும் கையில் பிரம்புமாகச் சிஸ்டர் தெயோதாத்தா நினைவுக்கு வந்தார். மூன்று வருஷம் கற்ற வித்தை அது. தோளை நிமிர்த்தி, தாடையைத் தளர்த்தி, ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு வடிவாகத் திறந்து மூட, எமரென்சியா வாயை மட்டும் அசைத்தாள்.

கஸ்பார் அழுகையை நிறுத்தினான். அவள் உதடுகளையே பார்த்தான். பாட்டு எங்கே முடிகிறதோ அங்கே சரியாக மூச்சு விட்டு, கண் செருகும்போது, அம் என்று ஆரம்பித்தவன், இந்தத் தடவை அடுத்தது என்ன என்று மறக்கவில்லை.

அதே நேரத்தில் மண்டபத்துப் பக்கமாக வந்த லூக்காஸ், ஆணி போன பியானோவின் இடது கோடியில், இத்தனை வருஷம் செத்துக் கிடந்த கட்டை, தகரத்தில் சரளைக்கல் உருண்ட மாதிரி, மெல்ல ஒரு தடவை ஒலித்ததைக் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.